அந்தக் காலத்து நாயகர்களுக்கு அந்தக் காலமே அளவுகோல்

பழைய காதல் நகைச்சுவைப் படங்களின் கதாநாயகர்களை இன்றைய கண்கொண்டு நோக்குவது அநியாயம் என்றும், அன்றைய காதல் கண்ணியமானது, அன்றைய குறும்பு நிர்தோஷமானது என்றும் ஒரு வாதம், நம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்து டீக்கடைகள் முதல் பட்டிமன்ற மேடைகள் வரை மறுப்பாரின்றி நிலவி வருகிறது. அப்படங்களை மனமார நேசிப்பவன் என்ற உரிமையிலேயே அவ்வாதத்தை ஒவ்வோர் அம்சமாகப் பரிசீலிக்க விழைகிறேன்.

முதலாவது, “காலம் அப்படி” என்னும் சமாதானம். 1955-இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’வில், வேலையின்றித் தவிக்கும் பாலுவும் மேரியும், தம்பதியருக்கே வேலை என்று அறிவித்த ஜமீன்தாரின் பள்ளியில் ஆசிரியப் பணி பெறுவதற்காகக் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வசித்தும், சாவித்திரியின் மேரி வகுத்த எல்லையை ஜெமினி கணேசனின் பாலு மீறுவதில்லை. கொடுத்த கடனைக் காட்டி அவளை மணந்துகொள்ளத் துடிக்கும் டேவிட்டையோ, விரட்டத்தக்கவனாகவே படம் சித்திரிக்கிறது. பெண்ணின் சம்மதத்துக்குக் காத்திருப்பவன் நாயகன், நிர்ப்பந்திப்பவன் துஷ்டன் என்ற விவேகம் நம் பாட்டன் பாட்டிமாருக்கு அன்றே இருந்தது. அவர்கள் காலத்தின்மேல் பழியைச் சுமத்துவது அவர்களுக்கே இழைக்கும் அபசாரம்.

இரண்டாவது, “வெறும் வேடிக்கைதானே” என்பது. 1963-இல் வந்த ‘பெரிய இடத்துப் பெண்’ணில், எம்.ஜி.ஆரின் கிராமத்து நாயகன், தன்னை அவமதித்த செல்வச் சீமாட்டியை வேற்று வேஷத்தில் மயக்கி மணந்து, பின்னர் அவளுக்குப் பணிவு கற்பிக்கிறான். அவளுடைய அகந்தை கண்டிக்கத்தக்கதே. ஆயினும் தாலி கட்டுபவன் இன்னான் என்றறியாமல் கழுத்தை நீட்டிய பெண்ணின் கதியை வேடிக்கை என்று ஒதுக்க நெஞ்சம் இடங்கொடுக்கவில்லை.

மூன்றாவது, “முடிவில் அவளே விரும்பிவிடுகிறாளே” என்பது. அவ்விருப்பம் கதாசிரியரின் பேனா அருளியது. மறுப்பெல்லாம் தாமதித்து வரும் சம்மதமே என்று படத்துக்குப் படம் காட்டிவிட்டால், விடாமல் துரத்துவதே ஆண்மை என்ற பாடத்தைத்தான் கொட்டகையில் அமர்ந்திருக்கும் வாலிபன் வீட்டுக்குக் கொண்டுசெல்வான்.

நான்காவது, “சினிமா வேறு, வாழ்க்கை வேறு” என்பது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகளில் அமர்ந்து, தோல் துண்டுகளை மூட்டித் தைத்து, அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கையரைப் படிக்கவைக்கும் பெண்கள் ஏராளம். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் அவர்களில் ஒருத்தியை மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து, அவள் இறங்குமிடத்தில் பாட்டை முணுமுணுத்து நிற்பவன், தன்னை நாயகனாகவே பாவித்துக்கொள்கிறான். அவளுக்கோ மறுநாள் வேலைக்குப் போகவே வீட்டில் தடை பிறக்கிறது. பறிபோவது அவளுடைய ஜீவனோபாயம். தெருவில் நிகழும் இத்தகைய சீண்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 1998-இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

இறுதியாக, “குறை கண்டால் படங்களையே ஒதுக்க வேண்டுமே” என்ற அச்சம். வேண்டியதில்லை. 1964-இல் ஸ்ரீதர் தந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்ல பாலையா நடுங்கும் காட்சி எந்தத் தலைமுறைக்கும் ஆனந்தமே, அதில் எவர் மனமும் புண்படவில்லை. அத்தகைய சிரிப்பைப் போற்றவும், துரத்தலைக் காதலென்று காட்டும் இடத்தில் முகம் சுளிக்கவும் ஒரே ரசிகனால் இயலும். பிள்ளைகளை அருகே அமர்த்தி இப்படங்களைத் தாராளமாகக் காட்டுவோம். பாலுவைப் போல இரு, டேவிட்டைப் போல இராதே என்று அப்போதே வாய்விட்டுச் சொல்வதும் நம் கடமை.