சம்மதமா? சரணாகதியா?

புரோகிதன் சொல்லும் மந்திரத்திற்கு அர்த்தம் கேட்பதே பாவம் என்று நம் மக்களுக்கு வெகுகாலமாய்ப் போதிக்கப்பட்டு வந்திருக்கின்றது. அர்த்தம் தெரியாத மந்திரத்திற்குத் தலையாட்டுவது மானக்கேடு என்று நாமும் ஓயாமல் சொல்லி வருகின்றோம். ஆனால் அதே மக்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும், இங்கிலீஷில் அச்சடித்த காகிதத்தில் என்ன கண்டிருக்கின்றது என்று ஒரு வார்த்தையும் கேளாமல், கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு, "எல்லாம் டாக்டர் பார்த்துக் கொள்வார்" என்று படுத்துக் கொள்கின்றார்கள். சமஸ்கிருத மந்திரத்திற்கும் இந்தக் காகிதத்திற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

முழங்கால் மூட்டு ஆப்பரேஷனையே எடுத்துக் கொள்வோம். தேய்ந்த மூட்டை அகற்றி உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தும் வித்தை மனித அறிவின் பெரிய வெற்றி என்பதில் நமக்கு ஆட்சேபணையே இல்லை. பொருத்திய மூட்டுகளில் 100-க்கு 80-க்குமேல் 25 வருஷம் உழைக்கக் கூடும் என்று மேல்நாட்டில் கணக்கிட்டிருக்கின்றார்கள். எண்ணெய் மந்திரிப்பவனிடம் போவதைவிட டாக்டரிடம் போவதே மேல். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஆப்பரேஷனுக்குப் பிறகும் திருப்தியடையவில்லை என்றும் அப்படிப்பட்ட கணக்குகளே சொல்லுகின்றன. மேலும், மாற்றிய காலோடு குந்துவதும் சம்மணமிட்டு உட்காருவதும் பலருக்கு முடிவதில்லை. நாற்று நடுகிறவளுக்கும் பாய் முடைகிறவளுக்கும் இது ஜீவனத்தைப் பற்றிய சங்கதியல்லவா? அதைக் காலை அறுத்த பிறகு சொல்லுவது என்ன நியாயம்?

ஆப்பரேஷன் என்றாலே குணம் என்று நம்புவதும் ஒரு மூடநம்பிக்கைதான். தேய்ந்த முழங்காலில் சிறு துளையிட்டு உள்ளே கழுவித் துப்புரவு செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டாக்டர்கள் அதைச் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். 180 பேரில் ஒரு பகுதியாருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கவனித்ததில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் வலி இவர்களுடையதைவிடக் குறைந்ததாகக் காணவில்லை. இதில் சேர்ந்த ஒவ்வொருவரும், தமக்குப் பொய் ஆப்பரேஷனே நடக்கலாம் என்பதை அறிந்து, அதைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். கேட்கப்பட்ட 324 பேரில் 144 பேர் வேண்டாமென்று போய்விட்டார்கள். சம்மதம் என்பது இதுவல்லவா?

நிற்க, "பாமரனுக்குச் சொன்னால் புரியாது" என்று சில டாக்டர்கள் சொல்லுகின்றார்கள். சூத்திரனுக்கு வேதம் எதற்கு என்றவர்கள் சொன்னதும் இதுதானே! எந்த மூட்டுக்கு எத்தனை ரூபாய் என்பது மட்டும் அந்தப் பாமரனுக்கு எப்படிப் புரிந்து விடுகின்றது? சிகிச்சை இன்னது, பலன் இன்னது, வேறு வழி இன்னது, முக்கியமான அபாயம் இன்னது, மறுத்தால் வரும் கெடுதி இன்னது என்று போதுமானபடி தெரிவித்துச் சம்மதம் பெறவேண்டும் என்று 2008-ல் இந்திய சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. ஆகவே டாக்டர் விளக்குவது தர்மமல்ல, கடமையாகும்.

நம்மவர்களின் யோக்கியதையையும் சொல்லத்தான் வேண்டும். ஆப்பரேஷனுக்கு ராகு காலம் தவிர்த்து நாள் குறிக்கத் தெரிந்தவர்களுக்கு, என்ன ஆப்பரேஷன் என்று கேட்கத் தெரியவில்லை. முழங்கால் தாயாருடையது; பேசுவது மகனும் மருமகனும். வலியைச் சுமக்கின்ற அந்த அம்மாளை, "உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்று மூலையில் உட்கார வைத்துவிடுகின்றார்கள். அவள் கால் மகனுக்குச் சொந்தமா?

தோழர்களே! மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் இன்றைக்கே அறுத்தாக வேண்டிய வியாதியல்ல. யோசிக்க அவகாசம் உண்டு. ஆகையால் கேளுங்கள்: என் மூட்டில் என்ன கோளாறு? தேகப் பயிற்சி செய்து, எடையைக் குறைத்து, மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாமா? ஆறு மாதம் பொறுத்தால் என்ன கெட்டுப்போகும்? சீழ் பிடித்தல், இரத்தம் உறைதல் போன்ற அபாயங்கள் எனக்கு எவ்வளவு? பிறகு நான் என் வேலையைச் செய்ய முடியுமா? பதில் புரியாவிட்டால் மறுபடியும் கேளுங்கள். அதுவும் போதாவிட்டால் இன்னொரு டாக்டரைக் கேளுங்கள். சம்மதக் காகிதத்தைத் தமிழில் கொடுக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவரையில் பேனாவைத் தொடாதீர்கள்.