மலைநாட்டுப் பெண்ணும் வாக்குரிமையும்

டொனமூர் ஆணைக்குழுவினர் இலங்கைக்கு வந்திருந்த காலத்தில், 1927ஆம் ஆண்டு கொழும்பில் நிறுவப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தார் அவர்கள் முன்னிலையிற் சாட்சியம் அளித்தனர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று டொனமூர் பிரபு வினவினாராம். அவர்களும் பெண்களன்றோ என்ற கருத்துப்பட விடையிறுத்தவர் ஆக்னெஸ் டி சில்வா அம்மையார். இந்நாட்டுப் பெண்ணுரிமை வரலாற்றில் நமக்கு மிக உவப்பான இடம் இதுவே. பின்னர் நிகழ்ந்தவையோ உவப்பானவை அல்ல.

1931இல் இருபத்தொரு வயதடைந்த பெண்கள் யாவரும் வாக்குரிமை பெற்றனர் என்பர். தோட்டத்து மக்களுக்கு மாத்திரம் வதிவிட நிபந்தனைகள் குறுக்கே நின்றன. அவற்றைக் கடந்து பெற்றதையும் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் பறித்தன. 1960 ஜூலையில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையார் உலகின் முதற் பெண் பிரதமரானார். அன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து கொய்த பெண்களிற் பெரும்பாலோர்க்கு வாக்கே இல்லை. 1964இல் அவ்வம்மையாரே சாஸ்திரியாருடன் செய்த ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் எனத் தலைகள் எண்ணப்பட்டன. அப்பெண்களைக் கேட்டார் யார்? (ஆண்களையுங் கேட்டிலர் என்பது வேறு கதை.) நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003இலேதான் வந்தது.

வாக்கு ஒருபுறமிருக்க, கூலியைப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓடுபவள் அவள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் விழுவதும் அவளுக்கே. அவள் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்கிச் செல்லும் வழக்கமோ தோட்டந்தோறும் இருந்தது. நாட்கூலியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த வேற்றுமை 1984 வரை நீங்கவில்லை.

கோ. நடேசையரை நாம் அனைவரும் அறிவோம். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மாளை எத்துணைப் பேர் அறிவோம்? 'தேசபக்தன்' இதழிலே பெண்களின் உரிமைக்காக எழுதியவர் அவர். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களிலே தாம் இயற்றிய பாடல்களைப் பாடியவர். அப்பாடல்கள் 1940இல் நூலாகவும் வெளிவந்தன. பெண்கள் மேடையேறுவதே அரிதாயிருந்த காலம் அது.

ஆயினும் அவர் வழியிற் பெண்கள் தலைமைக்கு வந்தார்களா? தோட்டத் தொழிற்சங்கங்களுக்குச் சந்தா செலுத்துவோரிற் பெரும்பகுதியினர் பெண்கள். நாற்காலிகளில் அமர்வோர் பெரும்பாலும் ஆண்கள். தாயின் கொழுந்துக் கூடையால் இக்கல்லூரிக்கு வந்து படித்துப் பின் சங்கப் பணிமனைகளில் அமர்ந்தோர் நம் பழைய மாணவரிலும் உளர். அடுத்த சம்பளப் பேச்சுக்குச் செல்லுங்கால், கொழுந்து கொய்யும் பெண்ணொருத்தியைத் தம் குழுவின் தலைவியாக முன்னிறுத்திச் செல்வார்களா என்று அவர்களை நாம் கேட்கின்றோம்.