கடல் கொண்ட பேரரசும் கப்பலேறி வந்த பாட்டனும்



குமரிக்கண்டம் என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் நம் தோட்டங்களில் அநேகமாக இருக்காது. கோவில் திருவிழா மேடையில் கேட்டிருப்பீர்கள், பட்டிமன்றத்தில் கேட்டிருப்பீர்கள், இப்போது பிள்ளைகளின் கைப்பேசியில் படத்தோடும் பாட்டோடும் வந்து நிற்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே, ஆப்பிரிக்கா தொடங்கி ஆஸ்திரேலியா வரை பரந்து கிடந்த ஒரு பெருநாடு. அதை ஆண்டவர்கள் பாண்டிய மன்னர்கள். முத்தும் பொன்னும் குவிந்த நகரங்கள். புலவர்கள் கூடித் தமிழ் ஆராய்ந்த சங்கங்கள். பிறகு கடல் பொங்கி வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்பது கதை.

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சுவரில் தொங்கிய உலகப் படத்தின் முன் நின்றுகொண்டு, "சார், அந்த நாடு எந்த இடத்தில இருந்துச்சு? கை வச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தேநீர் ஒரு குவளை ஊற்றி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நம் பழைய நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். பஃறுளி என்ற ஆறும் குமரி என்ற மலையும் கடலில் மறைந்ததாகச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. பாண்டியன் ஒருவனின் நிலத்தைக் கடல் கொண்டதைக் கலித்தொகையும் சொல்கிறது. இவை சில அடிகளில் முடிந்துபோகும் செய்திகள். பின்னர், இன்றைக்கு ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன், இறையனார் அகப்பொருள் என்ற இலக்கண நூலுக்கு எழுந்த உரையில்தான் மூன்று சங்கங்களின் கணக்கு வருகிறது. தென்மதுரையில் முதற்சங்கம் 4,440 ஆண்டுகள், கபாடபுரத்தில் இடைச்சங்கம் 3,700 ஆண்டுகள், இன்றைய மதுரையில் கடைச்சங்கம் 1,850 ஆண்டுகள். கூட்டிப் பாருங்கள், 9,990 வரும். அதற்கும் சில நூற்றாண்டுகள் கழித்து, சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், கடல் கொண்ட நிலத்தின் நீளம் 700 காவதம் என்றும், அதில் ஏழு ஏழாக 49 நாடுகள் இருந்தன என்றும் எழுதினார். ஏழுதெங்க நாடு, ஏழுமதுரை நாடு, ஏழ்குன்ற நாடு என்று பெயர்களும் கொடுத்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். கடலில் மறைந்ததாகச் சொல்லப்படும் காலத்திலிருந்து நாம் விலக விலக, நாடு பெரிதாகிக்கொண்டே வருகிறது. முதலில் ஓர் ஆறும் ஒரு மலையும். பிறகு சங்கங்களும் தலைநகரங்களும். பிறகு 49 நாடுகள். ஆனாலும் நம் உரையாசிரியர்கள் எவரும் ஆப்பிரிக்கா என்றோ ஆஸ்திரேலியா என்றோ எழுதவில்லை. அந்த அளவுக்கு அதை நீட்டியது யார்?

இங்கேதான் ஒரு வேடிக்கை. அதை நீட்டியது ஒரு குரங்கு இனத்து விலங்கு! மடகாஸ்கர் தீவில் லெமூர் என்ற விலங்கு உண்டு. அதன் உறவுக்காரன்தான் தமிழ்நாட்டுத் தேவாங்கு. நம் மலேசியக் காட்டில் இரவில் மெல்ல மெல்ல மரமேறும் கொங்காங்கும் அந்த உறவுதான். நடுவே இவ்வளவு கடல் கிடக்க, இந்த உறவினர் எப்படி இக்கரையிலும் அக்கரையிலும் இருக்கிறார்கள் என்று பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார் யோசித்தார். நடுவில் ஒரு காலத்தில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்று 1864இல் எழுதி, அதற்கு லெமூரியா என்று பெயரும் வைத்தார். லெமூர் என்ற சொல்லுக்கே லத்தீன் மொழியில் இறந்தவர்களின் ஆவி என்பதுதான் மூலப்பொருள். மனிதர் யாரும் அவர் கணக்கில் இல்லை. விலங்குகளுக்காகப் போட்ட பாலம் அது. பிறகு ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல், மனிதன் தோன்றியதே அங்கேயாக இருக்கலாம் என்றார். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட நூலில் அங்கே பூத உடம்பு கொண்ட மனிதர்களைக் குடியேற்றினார்.

இந்த ஆங்கில நூல்கள் சென்னைக்கு வந்தபோது, தமிழுக்கு மதிப்பில்லாத காலம். வெள்ளைக்காரன் ஆள்கிறான், கல்லூரியில் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் உயர்ந்த இடத்தில் இருக்கின்றன. அப்போது தமிழறிஞர்கள், "நம் உரையாசிரியர்கள் சொன்ன கடல் கொண்ட நாடும் இந்த லெமூரியாவும் ஒன்றே" என்று இணைத்துவிட்டார்கள். கந்தபுராணத்தில் பாரத நாட்டின் ஒரு பகுதிக்கு வழங்கிய குமரிகண்டம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. தேவநேயப் பாவாணர் போன்ற பேரறிஞர்கள் வாழ்நாள் முழுவதும் அதை நம்பினார்கள். அவர்களை நாம் ஏளனம் செய்யக் கூடாது. வீட்டில் மானம் போன ஒருவன், "என் பாட்டன் ராஜாவாக்கும்" என்று சொல்வதில் இருக்கும் வலி நமக்குத் தெரியாததா?

ஆனால் வலி உண்மை என்பதால் கதை உண்மையாகிவிடாது. 1912இல் ஆல்பிரட் வெஜனர் என்ற ஜெர்மானியர், கண்டங்கள் நகர்கின்றன என்றார். முதலில் சிரித்தார்கள். 1960களில் கடலடியை அளந்து பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதித்தான் இமயமலை எழுந்தது. நிலங்களே நகர்ந்து பிரிந்தவை என்று தெரிந்த பிறகு, நடுவே ஒரு பாலம் தேவைப்படவில்லை. அந்தக் காலத்தில் மனிதனே கிடையாது. மேலும் இந்து மாக்கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 4,000 மீட்டர். நம் பிரிஞ்சாங் மலை சுமார் 2,000 மீட்டர். அதைப் போல் இரண்டு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் தண்ணீர் மட்டத்தைத் தொடும். அத்தனை பெரிய கண்டம் அங்கே மூழ்கிக் கிடப்பதற்கான அடையாளம் கடலடியில் இல்லை.

அப்படியானால் நம் முன்னோர் பொய் சொன்னார்களா? இல்லை. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கையும் இந்தியாவும் ஒட்டியிருந்தன. குமரிமுனைக்குத் தெற்கேயும் கொஞ்ச தூரம் நிலம் இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி அதை மூடியது. கடற்கரை மக்களுக்கு இப்படிப்பட்ட இழப்பு புதிதல்ல. 1964 டிசம்பரில் புயல் ஒரே இரவில் தனுஷ்கோடியை அழித்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி நாகப்பட்டினத்தையும் குமரியையும் தாக்கியதோடு, நம் பினாங்கு, கெடாக் கரைகளிலும் உயிர்களைக் கொண்டுபோனது. ஓர் ஊரைக் கடல் கொண்டால் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லத்தான் செய்வார்கள். அந்த நினைவுக்குப் பிற்காலத்தார் அரண்மனை கட்டி, 49 நாடுகள் சேர்த்துப் பேரரசாக்கிவிட்டார்கள்.

இன்னொரு செய்தி. அதே பனிக்காலத்தில் இந்தத் தீபகற்பமும் சுமத்திராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலமாக இருந்தன. இன்றைய மலாக்கா நீரிணையில் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். மனிதர் நடமாடிய, பிறகு உண்மையாகவே மூழ்கிய பெருநிலம் நம் வாசலில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள், கண் விரியக் கேட்பார்கள்.

"சரி, தமிழனுக்குப் பெருமைப்பட எதுவும் வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் 2015 முதல் தோண்டி எடுக்கிறார்கள். பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருக்கிறார்கள். அரசர் பெயர்கள் அல்ல. பானை வைத்திருந்த சாதாரண மனிதரின் பெயர்கள். கடாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025இல் இந்தப் பக்கம் வந்ததைத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு சொல்கிறது. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோவில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன. மெர்போக்கில் அருங்காட்சியகமும் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். ஆனால் அங்கேயும் படையெடுப்பை மட்டும் சொல்லி மார் தட்டாதீர்கள். அந்தப் போருக்கு முன்பே கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை கட்டினார். அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தான். அடித்துக்கொண்டதும் உண்டு, கொடுத்து வாங்கியதும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள், 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்ததைத் தவறாமல் எழுதுகிறார்கள். 1929இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கியதையும் எழுதுகிறார்கள். காட்டை வெட்டியவர் யார்? சரிவில் குழி போட்டுக் கன்று நட்டவர் யார்? கம்பளியைச் சுற்றிக்கொண்டு, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, விடியற்காலைப் பனியில் பிரட்டுக்குப் போய் நின்றவள் யார்? ஏழாயிரம் ஆண்டுக்கு முந்திய பாண்டியனின் தலைநகர் தெரிந்த நம் பிள்ளைக்கு, தன் பூட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரியவில்லை. வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு பேரில் மூன்று பேர்தான் ஊர்ப்பெயர் சொன்னார்கள். மற்றவர்கள், "இந்தியா சார்" என்றார்கள்.

இது வெறும் பெருமை சம்பந்தப்பட்ட காரியமும் அல்ல. 1957இல் நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, எங்கே பிறந்தோம், எப்போது பிறந்தோம் என்பதற்குத் தாள் இல்லாத காரணத்தால் சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் கழித்த தோட்டத்து மக்கள் எத்தனை பேர்! வரலாறு எழுதி வைக்காதவனுக்கு என்ன நேரும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. இன்று கொழுந்துக் காட்டில் வங்காளதேசத்துத் தம்பிகளும் நேபாளத்துத் தம்பிகளும் நிற்கிறார்கள். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். லயத்து மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டிதான் நம் ஏடு, நம் கல்வெட்டு. அந்தக் கல்வெட்டைக் கடல் கொள்ளாது, காலம் கொண்டுபோய்விடும்.

ஆகையால் இந்த மாதம் ஒரு வேலை கொடுக்கிறேன். ஆசிரியன் அல்லவா, வீட்டுப்பாடம் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஓர் எண்பது பக்கக் குறிப்புப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, அவர் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். பூர்வீக ஊர் எது, பக்கத்துப் பெரிய ஊர் எது? எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள், ரஜூலாவா வேறு கப்பலா? கூட்டி வந்த கங்காணி பெயர் என்ன? முதலில் இறங்கிய தோட்டம் எது, மலைக்கு எப்போது வந்தார்கள்? அன்று நாள் சம்பளம் எவ்வளவு? ஜப்பான்காரன் காலத்தில் வீட்டிலிருந்து யாரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், யார் திரும்பி வந்தார்கள்? கோவிலை யார் கட்டினார்கள், பள்ளிக்கூடம் முதலில் எந்தக் கொட்டகையில் நடந்தது?

சொல்கிறவர் நினைவு தவறி ஆண்டை மாற்றிச் சொல்லலாம். குறுக்கே பேசாமல் அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் இன்னொருவர் சொன்னதையும் எழுதுங்கள். பழைய கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், கல்யாணப் படம் இருந்தால் தேதி குறித்து உறையில் போட்டு வையுங்கள். முக்கியமாக, கூட்டிச் சொல்லாதீர்கள். மண்வெட்டி பிடித்த பாட்டனுக்குக் கிரீடம் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. கடல் கடந்து வந்து, பாஷை தெரியாத காட்டில் ஒரு மலையையே பச்சையாக்கியவருக்கு அந்த மண்வெட்டியே போதும்.

குமரிக்கண்டத்தைக் கதையாகச் சொல்லுங்கள், நல்ல கதைதான். சொல்லி முடித்ததும், "இது கதை, இனி நம் கதை" என்று அந்தக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள்.