எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு

நூல் நிலையத்தில் நெடுங்காலம் எவரும் கேளாத நூலை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆயினும் அதற்கு முன் நூலகர் அதைப் புரட்டிப் பார்த்து, வைத்திருக்கத் தக்கதா என்று தீர்மானிப்பார். இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் நிலையங்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் உண்டு. ஆனால், அங்கே புரட்டிப் பார்ப்பவர் எவருமில்லை.

நாம் ஒரு கோப்பை ஏற்றியவுடன் அதற்கென ஒரு பதிவு தொடங்கப்படுகிறது. எவரேனும் அதனைப் பதிவிறக்கம் செய்யும்போதெல்லாம் அந்தத் தேதி பதிவில் குறிக்கப்படுகிறது. ஒரு தனி நிரல் அவ்வப்போது இப்பதிவுகளைப் பரிசோதித்து, கடைசித் தேதிக்குப் பின் விதித்த நாட்கள் கடந்திருப்பின் கோப்பை நீக்கிவிடுகிறது. இலவசமாக இடம் தரும் நிலையங்களே பெரும்பாலும் இம்முறையைக் கையாளுகின்றன. வட்டுக்கும் மின்சாரத்துக்கும் செலவு உண்டாதலால், இதைக் குற்றமென்று கூறுவதற்கில்லை.

ஆனால், எத்தனை பேர் எடுத்தனர் என்பது ஒரு கோப்பின் தேவையைக் காட்டுமேயன்றி அதன் மதிப்பைக் காட்டாது. ஒரு தாலுக்காவின் மழைமானிக் குறிப்பைப் பத்து ஆண்டுகள் எவரும் நாடாதிருக்கலாம். பதினோராம் ஆண்டில் வறட்சி வந்து, இதற்கு முன் இவ்வளவு மழை குறைந்தது எப்போது என்ற வினா எழும்போது, விடை அக்குறிப்பில்தான் இருக்கும். நிரலோ அதனை என்றோ அழித்திருக்கும். பெய்து போன மழையை மீண்டும் அளக்க எவராலும் இயலாது.

நாமே அடிக்கடி பதிவிறக்கம் செய்து கோப்பைக் காத்துக்கொள்ளலாமே என்று சிலர் கூறக்கூடும். நிலையமே மறைந்துவிட்டால் அவ்வுபாயம் என்ன பயன் தரும்? பெயர் பெற்ற ராப்பிட்ஷேர் 2015 மார்ச்சு 31இல் மூடப்பட்டது. 2012 ஜனவரியில் மெகாஅப்லோடை அமெரிக்க அரசாங்கம் முடக்கியபோது, சட்டத்துக்கு உட்பட்ட கோப்புகளை வைத்திருந்தோரும் அவற்றைப் பெற இயலாமற் போயினர்.

இதற்கு மாற்று வழியும் உண்டு. செர்ன் ஆராய்ச்சிக்கூடம் 2013இல் தொடங்கிய செனோடோ என்னும் களஞ்சியமும் பதிவிறக்கங்களை எண்ணுகிறது. ஆனால், அவ்வெண்ணைப் பயனை அறிவதற்கே கொள்கிறது, கோப்பை நீக்குவதற்கன்று. நம் இலாகாக்களும் கல்வி நிலையங்களும் அமைக்கும் களஞ்சியங்களுக்கு இதுவே தக்க நெறி என்பது எம் கருத்து.

அதுவரை, களப்பணியாளரும் ஆசிரியரும் தம் அளவைகளையும் படங்களையும் இலவச நிலையமொன்றை மட்டும் நம்பி விட்டுவிடலாகாது. ஒரு பிரதியைத் தம்மிடமும், ஒன்றை வேறோர் இடத்து வட்டிலும், ஒன்றை நிலையான களஞ்சியத்திலும் வைப்பார்களாக. ஆண்டுக்கொரு முறை மூன்றையும் திறந்து பார்ப்பதும் அவசியம். இன்று கேட்பாரற்றுக் கிடக்கும் குறிப்பே நாளைய ஆராய்ச்சிக்கு ஒரே சாட்சியாக அமையலாம்.