கற்பனை வழியும் காஞ்சி நகரும்

மாய உலகப் பயணக் கதைகள் நடைமுறை வாழ்வை மறக்கச் செய்யும் என்பர் சிலர். அக்கருத்து ஏற்புடையதன்று. லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட கதையில், ஆலிஸ் என்னும் சிறுமி முயல் வளைக்குள் விழுந்து அற்புத உலகைக் காண்கிறாள். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை மணிபல்லவத் தீவுக்குச் சென்றாள். உறங்கிய அவளை மணிமேகலா தெய்வம் வான்வழியே கொண்டு சேர்த்தது. வேற்றுருக் கொள்ளவும் வானில் இயங்கவும் பசியைத் தாங்கவும் மந்திரங்களை அருளியது. கோமுகிப் பொய்கையில் தோன்றிய அமுதசுரபியும் அவள் கையை அடைந்தது.

எனினும், அம்மாயப் பாத்திரம் தானாகவே உணவு சுரக்கவில்லை. புகார் நகரில் ஆதிரை முதலில் பிச்சையிட்ட பின்னரே வற்றாது சுரந்தது. மனிதரின் ஈகையே மாயத்திற்கு வித்தாயிற்று. பின்னர், மழையின்றி வாடிய காஞ்சிக்கு மணிமேகலை வந்தாள். பசித்தோர் அனைவர்க்கும் உணவளித்தாள். தீவில் தொடங்கிய கற்பனை, காஞ்சி மக்களின் பசியைத் தீர்ப்பதில் நிறைவுற்றது.

நல்ல கற்பனை நம்மைத் தொலைவிற்கு அழைத்துச் சென்று, பிறர் துன்பம் உணரும் நெஞ்சினராய்த் திருப்பி அனுப்பும். ஆதலால் மாணவர்களே, மாயக் கதைகளைத் தயங்காது படியுங்கள். திரும்பி வருகையில் பிறர்க்கென எதனைக் கொணர்ந்தோம் என எண்ணிப் பாருங்கள்.