மாஞ்சோலைக்கு வராத 1947

பர்மா மன்னர் திபாவுக்கும் பாம்பே பர்மா கம்பெனிக்கும் 1885இல் தேக்குமரத் தகராறு. மன்னர் அபராதம் போட்டார். அதையே சாக்காக்கிப் பிரிட்டன் படையெடுத்து நாட்டையே விழுங்கியது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா, தேக்குத் தொழிலை நாட்டுடைமையாக்கத் தொடங்கியது. கொடியோடு காடும் திரும்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே? அதே கம்பெனி 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் சுமார் 8,374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1947இல் வெள்ளைக்காரன் போனான். 1952இல் ஜமீனும் ஒழிந்தது. குத்தகை மட்டும் அசையவில்லை; முதலாளிகள் இந்தியர்கள் ஆனார்கள், அவ்வளவுதான். மாஞ்சோலையில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் சமவெளியிலிருந்து மலையேற்றப்பட்ட தலித்துகள். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் அங்கே அவர்கள் பேரில் ஒரு சென்ட் நிலமில்லை.

1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேரணி போனார்கள். தடியடிக்குத் தப்பித் தாமிரபரணிக்குள் ஓடியவர்களில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. பெரும்பாலோர் மூழ்கி இறந்ததாக விசாரணை ஆணையம் சொன்னது. சரி, அவர்களை ஆற்றுக்குள் விரட்டியது யார்?

2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் கம்பெனி அவர்களை வெளியேறச் சொன்னது. இது புலிகள் காப்பகமாம். காட்டை அழித்துத் தேயிலை நட்டபோது இல்லாத புலி, தொழிலாளி வீடு கேட்கும்போது மட்டும் எப்படி வருகிறது தோழர்களே? குத்தகை 2028இல் முடிகிறது. அதற்குள் அந்த மலையிலேயே அவர்களுக்கு வீடும் நிலமும் வேண்டும் என்று கேட்கிறேன்.