ஆயிரம் யார் வீரமும் ஒன்றரைச் செக்கனும்

துவக்கு வீடியோ ஒன்றை ஒருக்காப் பார்த்தால் போதும், யூடியூப் உங்களை விடாது. கொஞ்ச நாளில் கொலராடோ மலையொன்றில் படுத்துக்கிடக்கிற ஒருத்தரிட்ட கொண்டுபோய் விடும். எதிர்ப்பக்கச் சரிவில் எல்க் ஒன்று மேயுது. எல்க் என்றால் எங்கட மரைக்குச் சொந்தக்காரன், ஆனா மரையைவிடப் பெரியது. நல்ல கலை ஒன்று 300 கிலோவைத் தாண்டும். பக்கத்தில் இருக்கிறவர் தூரம் சொல்லுறார்: 1000 யார். அதாவது 914 மீற்றர். வெடிச்சத்தம், ஒரு சின்ன இடைவெளி, மிருகம் விழுது. உடனே எல்லாரும் கைதட்டிக் கட்டிப்பிடிக்கினம். கீழே நூற்றுக்கணக்கில் "வேற லெவல்" கொமன்ற்.

வேட்டை சரியா பிழையா என்ற பெரிய சண்டைக்கு நான் இப்ப வரவில்லை. வேட்டையை ஏற்றுக்கொள்கிறவர்களே ஒரு விதி சொல்லுவினம்: மிருகத்தைக் கொன்றால் சுறுக்காகக் கொல்லவேணும், காயப்படுத்தி விடக்கூடாது. அந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். அந்தக் கணக்கிலேயே ஆயிரம் யார் வேட்டை தோற்றுப்போகுது. அதைத் திறமை என்று சொல்லேலாது, சூது என்றுதான் சொல்லவேணும்.

இந்த வீடியோக்கள் விற்கிற முதல் கதை ரவையின் பலம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த விற்பனை நடக்குது. 1906இல் பொயின்ற் 30-06 வந்தது. 1962இல் 7 மி.மீ. றெமிங்ரன் மெக்னம், 1963இல் பொயின்ற் 300 வின்செஸ்ரர் மெக்னம் வந்தன. 2007இல் ஹோர்னடி கொம்பனி 6.5 கிறீட்மோர் என்ற ரவையை இறக்கியது. அது இலக்குச் சுடும் போட்டிக்காகச் செய்த ரவை. நீளமான, ஒடுங்கிய சன்னம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், வேகத்தை மெதுவாகத்தான் இழக்கும். அதை வேட்டைக்காரர் கையில் எடுத்து, "இது தூரத்துக்கென்றே பிறந்தது" என்று கொண்டாடத் தொடங்கினார்கள்.

சரி, அந்த ரவையையே எடுப்போம். 143 கிறெயின் சன்னம் குழாயை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 2700 அடி வேகம், 2300 அடி-இறாத்தல் சக்தி. 500 யாரில் அந்தச் சக்தி 1300 அளவுக்கு இறங்குது. 1000 யாரில் 700 அளவுதான். எல்க்குக்குக் குறைந்தது 1500 வேணும் என்பது அமெரிக்க வேட்டைக்காரர் தாங்களே பரம்பரையாகச் சொல்லிவரும் கணக்கு. அது கறாரான விஞ்ஞானம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனா சன்னம் உடலுக்குள் விரிவதற்கும் வேகம் தேவை. பல வேட்டைச் சன்னங்கள் 1800 அடி வேகத்துக்குக் கீழே சரியாக விரியாது. தூரத்துக்கென்று செய்த சன்னங்கள் இன்னும் கொஞ்சம் கீழே தாங்கலாம். அதுக்கும் கீழே போனால் சன்னம் பென்சில் குத்தின மாதிரி ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொண்டு மற்றப் பக்கத்தால் போய்விடும். மிருகம் உடனே விழாது, ஓடும்.

"அப்ப மெக்னம் எடுத்தால் சரிதானே?" எடுங்கோ. மெக்னம் அந்தச் சக்திக்கோட்டை இன்னும் சில நூறு யார் தள்ளிவைக்கும். காற்றையும் நேரத்தையும் அது பெரிதாக மாற்றாது. உண்மையான பிரச்சினை இருக்கிறதும் அங்கேதான்.

இரண்டாவது கதை கருவிகள். லேசர் தூரமானி, போனில் ஒரு அப், விலைகூடின ஸ்கோப். எல்லாம் கணக்காச்சு என்கினம். பாதி உண்மை. 1000 யார் போவதற்குள் சன்னம் ஏழெட்டு மீற்றர் கீழே விழுது. ஆனா புவியீர்ப்பு ஒருநாளும் மாறாது. தூரம் தெரிந்தால் விழுகிற அளவும் தெரியும். இதை அப் அழகாகச் செய்துவிடும்.

காற்று அப்பிடி இல்லை. நீங்கள் படுத்திருக்கிற இடத்தில் அது ஒரு பக்கம் வீசும், நடுப்பள்ளத்தில் வேறு பக்கம், மிருகம் நிற்கிற சரிவில் மேல்நோக்கி. உங்கட கையில் இருக்கிற காற்றுமானி உங்கட மூக்குக்குப் பக்கத்துக் காற்றை மட்டும்தான் அளக்கும். மிச்சம் முழுக்க ஊகம். அந்த ஊகத்தில் குறுக்குக் காற்று மணிக்கு 5 கிலோமீற்றர் பிழைத்துப்போச்சு என்று வைப்போம். அது முகத்தில் பட்டும் படாமலும் போகிற இளங்காற்று. அந்தப் பிழையால் இதே கிறீட்மோர் சன்னம் 300 யாரில் 4 சென்ரிமீற்றர் அளவில் விலகும். 500 யாரில் 11. ஆயிரத்தில் 50. தூரம் இரண்டு மடங்கு, பிழை நாலு மடங்குக்கும் மேல். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதி ஒன்றரை அடி விட்டமும் வராது. நடுவைக் குறிபார்த்துச் சுட்டு 50 சென்ரிமீற்றர் விலகினால் சன்னம் வயிற்றில் படும், அல்லது முன்னால் வெறுங்காற்றில் போகும். வயிற்றில் பட்ட மிருகம் சாக மணித்தியாலங்கள் ஆகலாம்.

மூன்றாவது, நேரம். ஆயிரம் யார் போக அந்தச் சன்னத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் வேணும். மேய்கிற மிருகம் ஒரு அடி எடுத்து வைக்க அது காணும். விசையை அமத்தின பிறகு உலகத்தில் உள்ள எந்தச் சுடுநரும், எந்தக் கருவியும் அந்த ஒரு அடியைத் தடுக்கேலாது. காற்றை நூறு வீதம் சரியாகக் கணித்தவருக்கும் இதுதான் நிலைமை.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் ஒன்று இருக்கு. "பழகாத ஒருத்தன் 200 யாரில் சுடுறதைவிட, வருசம் முழுக்கப் பழகினவன் தூரத்தில் சுடுறது நல்லது" என்பினம். பழக்கம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனா என்ன பழகினம் என்று பாருங்கோ. இரும்புத் தகட்டுக்குச் சுடும்போது முதல் சூடு பிழைத்தால் மண் எழும்புகிற இடத்தைப் பார்த்து இரண்டாவதைத் திருத்தலாம். தகடு நடக்காது. அதுக்கு வயிறும் இல்லை. மிருகத்துக்கு முன்னால் இருக்கிறது முதல் சூடு ஒன்றுதான். தகட்டில் மூன்றாவது சூட்டில் அடிக்கிறவர் ஆயிரம் யார் சுடுநராக இருக்கலாம், ஆயிரம் யார் வேட்டைக்காரர் இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ற் தொடங்கிய பூன் அன்ட் குறொக்கெற் கழகம் வேட்டைக்காரரின்ர சொந்தக் கழகம். மிருகம் தன்ர கண்ணாலும் காதாலும் மூக்காலும் தப்ப வழியில்லாத தூரத்தில் சுடுறது நியாயமான வேட்டை இல்லை என்று அதுவே எதிர்க்குது. ஐடாஹோ மாநிலத்தில் 16 இறாத்தலுக்கு மேல் பாரமான துவக்கால் பெரிய மிருகங்களைச் சுட ஏலாது. துப்பாக்கிக் கலாசாரத்தில் ஊறின மாநிலமே ஒரு எல்லை போட்டிருக்கு.

அதுக்காகப் பழைய காலத்து வேட்டை புனிதம் என்று யாரும் தொடங்கவேண்டாம். நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் எங்கட காடுகளில் கிட்டப்போய்த்தான் யானை சுட்டார், அதைப் பெருமையாகப் புத்தகமும் எழுதினார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்த மேஜர் றொஜேர்ஸ் 1400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்லுவினம். அவையும் கிட்ட நின்று சுட்டவைதான். கிட்டப் போறதால் மட்டும் ஒருத்தருக்கும் அறம் வந்துவிடாது. ஆனா கிட்ட நிற்கிறவருக்குத் தான் செய்ததைப் பார்க்காமல் இருக்க ஏலாது. ஆயிரம் யாரில் நிற்கிறவர் பள்ளம் இறங்கி ஏறி அங்கே போய்ச்சேர்வதற்குள், காயப்பட்ட மிருகம் எங்கே நின்றது என்றே பிடிபடாமல் போகலாம். இரத்தத் தடத்தை எங்கே தொடங்கித் தேடுறது?

எங்களுக்கு ஏன் இந்தக் கதை? எங்களில் கனபேர் துவக்குச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு உடல் எவ்வளவு சுகமாகப் புள்ளியாகிவிடும் என்று எங்கட வீடுகளுக்குத் தெரியும். அந்தப் புள்ளியை விளையாட்டாக்கி, இலக்கங்களைப் போர்த்தி, "விஞ்ஞானம்" என்று விற்கிற வீடியோவுக்கு நாங்கள் லைக் போடக்கூடாது.

அடுத்தமுறை அப்பிடி ஒன்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கோ. பள்ளத்துக்கு நடுவில் காற்று எவ்வளவு என்று உங்களுக்கு எப்பிடித் தெரியும்? முதல் சூட்டிலேயே அடிக்கிற தூரம் உங்களுக்கு எவ்வளவு? இந்த ஒரு வீடியோவுக்கு முன்னால் நீங்கள் போடாமல் விட்ட வீடியோக்கள் எத்தனை?